புரூட்டஸ் எங்கே சறுக்கினான்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்தவன், சீசரின் நண்பனாக இருந்தும் அவரைக் கொல்லும் சதியில் சேர்ந்த புரூட்டஸ், என்னால் மன்னிக்கவே முடியாதவனும் அவன்தான் என்று எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அந்த நாடகத்துக்குத்தான்.

நாடகத்தின் பெயர் ஜூலியஸ் சீசர். ஆனால் அவர் பாதியிலேயே செத்துப்போகிறார். அப்படியென்றால் கதாநாயகன் யார்? தேர்வில் என்ன எழுதுவது?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

தேர்விலும் சரி, வெளியிலும் சரி, புரூட்டஸ் என்றே எழுதுங்கள். கூடவே காரணத்தையும் எழுதுங்கள்.

சீசர் உயிரோடு வருவது மூன்றே காட்சிகளில். ஐந்து அங்கங்கள் உள்ள நாடகத்தில் மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சியிலேயே அவர் கதை முடிந்துவிடுகிறது. அதிகாரத்தில் இருப்பவர் பெயரை நாடகத்துக்கு வைப்பது அந்தக் காலத்து வழக்கம்; 'நான்காம் ஹென்றி' நாடகத்திலும் நம் மனத்தில் நிற்பது அந்த ராஜா இல்லை. அப்புறம் இன்னொன்று, சீசர் என்ற பெயருக்கு உண்மையான பலம் வருவதே அவர் செத்த பிறகுதான், அதனால் தலைப்பில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை.

துன்பியல் நாடகத்தின் நாயகனைப் பற்றி அரிஸ்டாட்டில் சொன்னது உங்கள் பாடத்தில் இருக்கும்: முழுக்க நல்லவனும் இல்லை, அயோக்கியனும் இல்லை, மதிப்பான இடத்தில் இருக்கும் ஒருவன் தன்னுடைய பிழையாலேயே விழுகிறான். புரூட்டஸின் பிழை எது என்று தெரிய, இரண்டாம் அங்கத்தின் ஆரம்பத்தில் அவன் தோட்டத்தில் தனியாக நின்று பேசுவதைப் படியுங்கள். நள்ளிரவு தாண்டிவிட்டது, தூக்கம் இல்லை. அவன் பேச்சின் முதல் வரியே 'அவர் சாகத்தான் வேண்டும்' என்பதுதான். முடிவை எடுத்துவிட்டு அதற்கப்புறம் காரணம் தேடுகிறான்! எனக்கு அவர்மேல் சொந்தப் பகை இல்லை என்கிறான், அறிவை மீறி உணர்ச்சிக்கு ஆட்பட்டு அவர் நடந்து நான் பார்த்ததில்லை என்றும் ஒப்புக்கொள்கிறான், ஆனாலும் கிரீடம் வைத்தால் மாறிவிடக்கூடும், அதனால் பாம்பு முட்டை என்று நினைத்து ஓட்டுக்குள்ளேயே கொன்றுவிட வேண்டும் என்று முடிக்கிறான். செய்த குற்றத்துக்கு இல்லை, நாளைக்குச் செய்யக்கூடும் என்று இவன் நினைக்கும் குற்றத்துக்கு மரண தண்டனை. இதைப் பேசுகிறவன் ரோமிலேயே நேர்மையானவன் என்று பெயர் எடுத்தவன், அதுதான் நெஞ்சை அடைக்கிறது.

சீசரை ஏன் கொல்லத் துணிந்தார்கள்? அவர் அப்படி என்ன செய்துவிட்டார்? பின்னணி தெரியாமல் நாடகத்தைப் படிக்க முடியவில்லை.
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கரூர்

ரோமர்களுக்கு 'ராஜா' என்ற சொல்லே ஆகாது. கி.மு. 509-இல் கடைசி அரசன் டார்க்குவினைத் துரத்திவிட்டுக் குடியரசு அமைத்தார்கள் என்பது அவர்களுடைய மரபு. வருடத்துக்கு இரண்டு கான்சல்கள் (தலைமை ஆட்சியாளர்கள்), செனட் சபை, சாமானிய மக்களுக்காகப் பேச டிரிபியூன்கள் என்று ஒரே ஆள் கையில் எல்லாம் போய்விடாதபடி ஏற்பாடு. அந்த அரசனைத் துரத்தியதில் முன்னால் நின்றவர் பெயரும் புரூட்டஸ்தான். நம் புரூட்டஸ் அந்த வம்சம் என்று சொல்லிக்கொண்டவன், அந்தப் பெயரே அவன் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது. சதிக்கு ஆள் சேர்க்கும் காசியஸ் அவனைத் தூண்டும்போது முதலில் தொடுவதும் அந்த நரம்பைத்தான்.

சீசர் கி.மு. 58 முதல் 'கால்' (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டில் பல வருடம் போர் செய்து படையையும் பணத்தையும் புகழையும் சேர்த்தவர். கி.மு. 49 ஜனவரியில் செனட்டின் சொல்லை மீறி, படையோடு ரூபிகான் ஆற்றைக் கடந்தார், உள்நாட்டுப் போர் வெடித்தது. எதிர்த்து நின்ற பாம்பி கி.மு. 48-இல் பார்சலஸ் களத்தில் தோற்று எகிப்துக்கு ஓடி அங்கே கொல்லப்பட்டார். அந்தப் போரில் புரூட்டஸ் பாம்பி பக்கம். ஜெயித்த சீசர் அவனை மன்னித்ததோடு பதவியும் கொடுத்தார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கொலைக் காட்சியைப் படித்தால் அதன் கனம் வேறு.

கி.மு. 44 தொடக்கத்தில் சீசர் ஆயுள் முழுவதற்குமான சர்வாதிகாரி ஆனார். பிப்ரவரி 15, லூபர்கேலியா திருவிழா அன்று, சீசரின் நெருங்கிய ஆதரவாளன் ஆண்டனி எல்லோர் முன்னாலும் அவருக்குக் கிரீடம் நீட்டினான், அவர் மறுத்தார். மனசார மறுத்தாரா, கூட்டத்தின் முகத்தைப் பார்த்து மறுத்தாரா என்பது அன்றைக்கே பேச்சாக இருந்தது. ஒரு மாதம் கழித்து மார்ச் 15, கொலை. சதியில் அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். மேடைக்கு அத்தனை பேர் தாங்காது என்பதால் நாடகத்தில் ஒரு கைப்பிடி ஆட்கள்தான்.

'நீயுமா புரூட்டஸ்?' என்று சீசர் நிஜமாகவே கேட்டாரா?
– வாசகர், யாழ்ப்பாணம்

கேட்டதற்குச் சான்று இல்லை. நாமெல்லாம் கூட இருந்தவன் காலை வாரினால் சட்டென்று சொல்லும் அந்த வாக்கியம் மேடையிலிருந்து வந்தது. நாடகம் முழுக்க ஆங்கிலம், 'Et tu, Brute?' என்ற அந்த மூன்று சொற்கள் மட்டும் லத்தீன். ஷேக்ஸ்பியரின் இந்த நாடகத்துக்கு முன்பே லண்டனில் புழங்கிய தொடர்தான் அது. சீசர் ஒரு வார்த்தையும் பேசாமல் இறந்தார் என்பதே சூட்டோனியஸ் தரும் செய்தி, 'மகனே, நீயுமா?' என்று கிரேக்கத்தில் சொன்னதாகச் சிலர் சொல்கிறார்கள் என்றும் சேர்த்திருக்கிறார். கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதியதுதான் எனக்குப் பிடித்தது: அதுவரை திமிறிக்கொண்டிருந்தவர், புரூட்டஸ் கையில் கத்தியைப் பார்த்ததும் மேலங்கியை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். வார்த்தையே இல்லை.

உடலில் 23 குத்துகள். பார்த்த மருத்துவர், அவற்றில் உயிரைப் பறித்தது ஒன்றுதான் என்றாராம். நாடகத்தில் சீசரின் வாரிசான ஆக்டேவியஸ் 33 என்கிறான்.

பழைய ரோமில் கடிகாரம் மணி அடிக்கிறதாமே? இவ்வளவு பெரிய எழுத்தாளருக்கு இதுகூடத் தெரியாதா?
– பள்ளி ஆசிரியர், திண்டுக்கல்

ஆமாம், சதிகாரர்கள் கூடிப் பேசும்போது மணி மூன்று அடிக்கிறது. மணி அடிக்கும் இயந்திரக் கடிகாரம் வர இன்னும் ஆயிரம் வருடத்துக்கு மேல் இருக்கிறது. ஆடைகளும் அப்படித்தான், சதிகாரர்கள் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டிருக்கிறார்கள், சீசரே லண்டன்காரர் போல இறுக்கமான மேல்சட்டை போட்டிருக்கிறார். அன்றைய நடிகர்கள் தங்கள் காலத்து உடைமேல் ரோமத் துணியைப் போர்த்திக்கொண்டு நடித்தார்கள், யாருக்கும் அது உறுத்தவில்லை. எனக்கும் உறுத்தவில்லை. விடிவதற்குள் முடிவெடுத்தாக வேண்டும் என்ற பதற்றத்தைப் பார்க்கிறவனுக்குள் இறக்க அந்த மூன்று மணி ஓசை போதும்.

இதைவிடப் பெரிய மாற்றங்களை அவர் தெரிந்தே செய்தார். பாம்பியின் மகன்களை வென்றதற்கான வெற்றி ஊர்வலம் நடந்தது கி.மு. 45 அக்டோபரில், லூபர்கேலியா அடுத்த பிப்ரவரியில். நாடகத்தில் இரண்டும் ஒரே நாள். கொலைக்குச் சில நாள் கழித்து நடந்த இறுதிச் சடங்கைக் கொலை நடந்த அன்றே வைத்துவிட்டார். ஆக்டேவியஸ் அப்போது கடல் தாண்டி அப்பொலோனியாவில் இருந்தான். இங்கே அன்றைக்கே ரோமுக்கு வந்துவிடுகிறான். புரூட்டஸ், காசியஸ் படையும் ஆண்டனி, ஆக்டேவியஸ் படையும் மோதிய பிலிப்பியில் கி.மு. 42-இல் சுமார் மூன்று வார இடைவெளியில் நடந்த இரண்டு போர்கள் ஒரே பகலுக்குள் அடங்கிவிட்டன. கொலை நடந்த இடம்கூட வேறு: செனட் அன்று கூடியது பாம்பி கட்டிய அரங்கத்தை ஒட்டிய மண்டபத்தில், நாடகத்தில் அது கேப்பிடோல். மூன்று வருடச் சம்பவங்களை மூச்சு விடாமல் ஓடும் சில நாட்களாகச் சுருக்கியதால்தான், செய்ததற்கும் அதன் பலனுக்கும் நடுவே யோசிக்கக்கூட யாருக்கும் நேரம் கிடைக்காதது போல நமக்குத் தோன்றுகிறது.

செட் இல்லை, திரை இல்லை, விளக்கு இல்லை என்கிறார்கள். பிறகு எப்படித்தான் போட்டார்கள்?
– நாடகக் குழு ஒன்றில் இருப்பவர், புதுச்சேரி

மத்தியான வெயிலில் போட்டார்கள். 1598 டிசம்பரில் ஒரு பழைய நாடகக் கொட்டகையைப் பிரித்து, அந்த மரங்களைத் தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே கொண்டுபோய், 1599-இல் குளோப் அரங்கத்தை எழுப்பினார்கள். அந்தப் புது அரங்கின் முதல் நாடகங்களில் இது ஒன்று. தாமஸ் பிளாட்டர் என்ற சுவிட்சர்லாந்துப் பயணி 1599 செப்டம்பர் 21 அன்று ஆற்றைக் கடந்துபோய், கூரை வேய்ந்த அரங்கில் சீசர் நாடகத்தைப் பார்த்ததாக எழுதி வைத்திருக்கிறார், அதனால்தான் நாடகத்தின் காலம் நமக்குத் தெரிகிறது. சுமார் பதினைந்து பேர் நன்றாக நடித்தார்களாம். முடிந்ததும் நான்கு பேர், அதில் இருவர் பெண் வேடத்தில், அழகாக ஆடினார்களாம். அவ்வளவு பிணங்களுக்கு அப்புறம் ஆட்டம்! அது அங்கே வழக்கம்.

ஒரு பென்னி கொடுத்தால் மேடையைச் சுற்றி நின்று பார்க்கலாம். புரூட்டஸின் மனைவி போர்ஷியா, சீசரின் மனைவி கல்பூர்னியா இருவரையும் நடித்தவர்கள் பையன்கள். இங்கிலாந்தின் தொழில்முறை மேடைக்குப் பெண்கள் வந்தது 1660-இல்தான். இரவு என்றால் கையில் ஒரு தீவட்டியோ மெழுகுவத்தியோ வரும், இல்லையென்றால் ஒருவன் நட்சத்திரத்தைப் பார்த்து நேரம் தெரியவில்லை என்பான், அவ்வளவுதான், இருட்டிவிட்டது. அதனால்தான் இடம், பொழுது, வானிலை எல்லாமே வசனத்தில் இருக்கிறது. கொலைக்கு முந்தைய இரவின் இடிக்கு மட்டும் இரும்புக் குண்டை உருட்டுவது, முரசு அடிப்பது போன்ற வேலைகள் உண்டு.

நீங்கள் மேடைக்காரர் என்பதால் இரண்டு மரபுகளை மட்டும் சொல்கிறேன். ஒன்று, தனிமொழி. தனியாக நின்று பேசும் பாத்திரம் பொய் சொல்லாது, தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளலாமே தவிர நம்மை ஏமாற்றாது. புரூட்டஸைத் தனியே பேசவிட்ட ஷேக்ஸ்பியர் சீசருக்கு ஒரு தனிமொழிகூடத் தரவில்லை. அந்த ஆள் நிஜமாகக் கொடுங்கோலனா இல்லையா என்பது நமக்கும் தெரியக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தார் என்பது என் எண்ணம். இன்னொன்று, ரத்தம். கிரேக்க நாடகத்தில் கொலை உள்ளே நடக்கும், ஒரு தூதுவன் வந்து சொல்லுவான். இங்கே கண்முன்னால் நடக்கிறது. அதோடு விடாமல், எல்லோரும் குனிந்து முழங்கை வரை சீசரின் ரத்தத்தில் கை நனைக்க வேண்டும் என்று புரூட்டஸ் சொல்கிறான். இதைத் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். முந்தின இரவுதான் அவன், நாம் கசாப்புக்காரர்களாக இருக்க வேண்டாம், பலி கொடுப்பவர்களாக இருப்போம் என்று அழகாகப் பேசியிருந்தான்.

புரூட்டஸ் பேசியதும் கூட்டம் அவன் பக்கம். பத்து நிமிடத்தில் ஆண்டனி பக்கம். ஜனங்கள் அவ்வளவு முட்டாள்களா? ஆண்டனி என்னதான் செய்தான்?
– பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

முதலில் புரூட்டஸ். அவன் பேசுவது உரைநடை. அளந்து அடுக்கிய வாக்கியங்கள். சீசரை நேசித்தேன், ரோமை அதைவிட அதிகம் நேசித்தேன் என்று தராசில் வைத்தது போலப் பேசுகிறான். காரணம் இருக்கிறது என்கிறான், ஆனால் அந்தக் காரணத்துக்கு ஒரு உதாரணம்கூடக் காட்டவில்லை. என் மானத்தை நம்புங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறான். கூட்டம் கைதட்டுகிறது. அப்போது ஒருவன் கத்துகிறான்: 'இவரே சீசர் ஆகட்டும்!' இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சில்லிடுகிறது. சீசர் என்ற ஒருவன் இருக்கவே கூடாது என்பதற்காகக் கொலை செய்தவனை, நீயே அடுத்த சீசர் என்கிறார்கள். அந்தக் கணத்திலேயே புரூட்டஸ் தோற்றுவிட்டான். அது அவன் காதில் விழுந்ததாகக்கூடத் தெரியவில்லை. ஆண்டனி பேசுவதை எல்லோரும் இருந்து கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, தனியாகக் கிளம்பிப் போய்விடுகிறான். எதிராளியிடம் மேடையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிற அரசியல்வாதி!

ஆண்டனிக்கு நிபந்தனை போட்டிருந்தார்கள்: எங்களைக் குறை சொல்லக்கூடாது, சீசரைப் புகழலாம். அந்த நிபந்தனையையே அவன் கத்தியாக்கிவிட்டான். 'புரூட்டஸ் மரியாதைக்குரியவர்' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். முதல் தடவை அது மரியாதையாகவே கேட்கிறது. ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்னால் ஒரு சாட்சியம் வைக்கிறான்: சீசர் பிடித்துவந்த கைதிகளுக்கான பிணைப்பணம் கஜானாவுக்குத்தானே போனது, ஏழை அழுதபோது சீசரும் அழுதாரே, கிரீடத்தை மூன்று முறை தள்ளினாரே. கடைசியில் அதே சொல் வசையாக மாறிவிடுகிறது, மாற்றியவர்கள் கேட்டவர்கள். ஆண்டனி பேசுவது செய்யுளில், நடுவே தொண்டை அடைத்து நிறுத்துகிறான், கூட்டத்துக்கு யோசிக்க இடம் விடுகிறான். சீசரின் உயிலை எடுத்துக் காட்டிவிட்டுப் படிக்க மாட்டேன் என்கிறான். அப்புறம் மேடையிலிருந்து இறங்கி, பிணத்தைச் சுற்றி வட்டமாக நிற்கவைத்து, கிழிந்த மேலங்கியைப் பிடித்து, இது காசியஸ் குத்தியது, இது காஸ்கா, இது புரூட்டஸ் என்று ஒவ்வொரு ஓட்டையாகக் காட்டுகிறான்.

கொஞ்சம் நிறுத்துங்கள். கொலை நடந்தபோது அவன் அங்கே இல்லை! டிரெபோனியஸ் அவனை முன்கூட்டியே வெளியே அழைத்துப் போய்விட்டானே. எந்த ஓட்டை யாருடையது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? இதைக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் முதல் இரண்டு வாசிப்பில் கேட்கவில்லை, அதனால் அந்த ஜனங்களை முட்டாள்கள் என்று சொல்ல என்னால் முடியாது. நாடகத்தின் முதல் காட்சியிலேயே, நேற்றுவரை பாம்பிக்காகக் கூரையேறிக் கத்திய இவர்கள் இன்று சீசருக்காகக் கத்துகிறார்கள் என்று டிரிபியூன்கள் திட்டுவது உண்மைதான். ஆனால் அவர்களை மதித்து, முகத்தைப் பார்த்து, கேள்வி கேட்டு, பதிலுக்காகக் காத்திருந்து பேசிய ஒரே ஆள் ஆண்டனி. அவன் மனத்தில் இருந்தது என்னவோ, அது வேறு.

அது என்ன என்பதும் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. உயிலில் ஒவ்வொரு குடிமகனுக்கும் 75 டிராக்மா, டைபர் நதிக்கரைத் தோட்டங்கள் எல்லாம் மக்களுக்கு. அதைக் கேட்டுத்தான் ஊரையே கொளுத்தக் கிளம்பினார்கள். நான்காம் அங்கத்தின் முதல் காட்சியில் அதே ஆண்டனி, அந்த உயிலைக் கொண்டுவா, கொடுக்க வேண்டியதில் எவ்வளவு குறைக்கலாம் என்று பார்ப்போம் என்கிறான். அதே மேசையில் யார் யாரைக் கொல்வது என்று பெயர்களுக்குப் புள்ளி வைக்கிறார்கள், அதில் அவனுடைய சொந்தச் சகோதரியின் மகனும் ஒருவன்.

இந்தப் பேச்சுகளின் வாசகம் பெரும்பாலும் ஷேக்ஸ்பியருடையது. 1579-இல் தாமஸ் நார்த் ஆங்கிலத்தில் தந்த புளூட்டார்க்தான் அவருடைய ஆதாரம். பல இடங்களில் சொல்லுக்குச் சொல் அதையே எடுத்தாண்டவர், இங்கே கிடைத்தது சில வரிக் குறிப்புகள்தான் என்பதால் மீதியைத் தானே எழுதினார்.

சீசரின் ஆவி எதற்கு? கொஞ்சம் மலிவான உத்தியாகப் படுகிறது.
– வாசகி, மதுரை

பழிவாங்கும் நாடகங்களில் ஆவி வருவது அன்றைய லண்டன் மக்கள் எதிர்பார்த்த ஒன்று, ரோம நாடகாசிரியர் செனெகாவிடமிருந்து வந்த பழக்கம். ஆனால் வழக்கமான ஆவி கொலைக்குப் பழி கேட்டு நீளமாகப் புலம்பும். இது அப்படி இல்லை. நீ யார் என்று புரூட்டஸ் கேட்டால், 'உன் தீய ஆவி' என்கிறது, பிலிப்பியில் பார்ப்போம் என்கிறது, போய்விடுகிறது. அந்தக் காட்சியில் சீசரின் ஆவி என்பது மேடைக்குறிப்பில்தான் இருக்கிறது, பேச்சில் இல்லை. புளூட்டார்க்கிலும் அது புரூட்டஸின் தீய ஆவியாகத்தான் வருகிறது. இருவரையும் ஒரே உருவமாக்கியதை மலிவு என்று என்னால் நினைக்க முடியவில்லை. சீசரின் உடலைத் தொடாமல் அவருடைய ஆவியை மட்டும் கொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்கியவன் புரூட்டஸ். உடல்தான் போனது.

ராணி ஆட்சியில் ஆட்சியாளரைக் கொல்லும் நாடகம் போட எப்படி விட்டார்கள்?
– வாசகர், சென்னை

ரோமுக்குப் போனதால் விட்டார்கள். 1599 செப்டம்பரில் எலிசபெத்துக்கு 66 வயது நிறைந்தது, பிள்ளை இல்லை, அடுத்து யார் என்று வெளிப்படையாகப் பேசுவதே ஆபத்து. அந்த வருடம் ஜூனில்தான் ஆங்கில வரலாற்று நூல்களை அரச ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் அச்சிடக்கூடாது என்று உத்தரவு வந்தது. சொந்த நாட்டு அரசர் கதை என்றால் எவ்வளவு சிக்கல் என்பதற்கு 1601 சாட்சி: எசெக்ஸ் பிரபுவின் கலகத்துக்கு முந்தைய நாள், அவருடைய ஆட்கள் பணம் கொடுத்து, அரசர் பதவி இழக்கும் 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகத்தைப் போடவைத்தார்கள், பிறகு நடிகர்கள் விசாரணைக்குப் போய்ப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த நாடகம் நிஜ அரசியலில் யாரையாவது தொட்டிருக்கிறதா?
– வாசகர், கோலாலம்பூர்

இரண்டு பேரைச் சொல்கிறேன். 1864 நவம்பர் 25 அன்று நியூயார்க்கில் பூத் குடும்பத்துச் சகோதரர்கள் மூவர் சேர்ந்து இந்த நாடகத்தில் நடித்தார்கள். ஆண்டனியாக நடித்தவர் ஜான் வில்க்ஸ் பூத். ஐந்து மாதத்துக்குள், 1865 ஏப்ரல் 14 அன்று, அவர்தான் லிங்கனைச் சுட்டார். தலைமறைவாக இருந்தபோது, புரூட்டஸை எதற்காகப் போற்றினார்களோ அதைச் செய்ததற்கு என்னைத் துரத்துகிறார்களே என்று குறிப்பேட்டில் எழுதினார். புரூட்டஸ் கடைசியில் பிலிப்பியில் தோற்றுத் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டதை அவர் படிக்கவே இல்லை போலிருக்கிறது.

இன்னொருவர் தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் இருந்தார். சன்னி வெங்கடரத்தினம் என்ற அரசியல் கைதி ஷேக்ஸ்பியரின் மொத்தத் தொகுப்பை, இது என் மத நூல் என்று காவலர்களிடம் சொல்லி, தீபாவளி வாழ்த்து அட்டைகளை மேலே ஒட்டிப் பாதுகாத்து வைத்திருந்தார். உடன் இருந்த கைதிகளிடம் கொடுத்து, பிடித்த வரிகளுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். நெல்சன் மண்டேலா 1977 டிசம்பர் 16 அன்று கையெழுத்திட்டது 'ஜூலியஸ் சீசர்' இரண்டாம் அங்கத்தில், கோழைகள் சாவதற்கு முன்பே பலமுறை சாகிறார்கள், வீரன் சாவைச் சுவைப்பது ஒரே முறை என்ற வரிகளுக்குப் பக்கத்தில். அது புரூட்டஸ் பேசுவது இல்லை, ஆண்டனி பேசுவதும் இல்லை. வெளியே போகாதீர்கள் என்று கல்பூர்னியா கெஞ்சும்போது, மார்ச் 15 காலையில், சீசர் சொல்வது.